குடும்பம் எங்கே இருக்கிறது?

சித்தையன்கோட்டை கடல் பார்த்த ஊர் அன்று. செம்பட்டிக்கு அருகே, வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த உள்நாட்டு ஊர். கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் மக்களைப் போல மரக்கலம் ஓட்டிய மரபு நமக்கு இல்லை. ஆயினும் திண்டுக்கல், மதுரை, நெல்லைச் சீமைகளின் உள்நாட்டு முஸ்லிம் ஊர்களிலிருந்தும் ஆண்கள் பிழைப்புத் தேடி அக்கரைக்குப் போனார்கள். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்பது கொழும்புக்குப் போகும் பாதை. நாகப்பட்டினத்தில் ‘ராஜூலா’ கப்பலில் ஏறியவர்கள் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இறங்கினார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து ரங்கூனுக்குக் கப்பல் இருந்தது. போனவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தார்கள். நிக்காஹ் முடித்தார்கள், வீடு கட்டினார்கள், பள்ளிவாசலுக்கு நன்கொடை கொடுத்தார்கள், மீண்டும் கப்பலேறினார்கள். மனைவி மக்கள் இங்கேயே இருந்தார்கள். கடலோர ஊர்களில் இப்படி வாழ்ந்தவர்களுக்குச் ‘சபராளி’ என்றே பெயர்.

இன்று நம் பிள்ளைகள் இகாமா புதுப்பிப்பதைப் பற்றியும், ஹெச்-1பி குலுக்கலைப் பற்றியும், கிரீன் கார்டு வரிசையைப் பற்றியும் பேசிக்கொள்கிறார்கள். சொற்கள் புதியவை. ஆனால் அந்தப் படிவங்களின் அடியில் கிடக்கும் கேள்வி பழையது. ‘நீ வேலை செய்வது இங்கே, உன் குடும்பம் எங்கே இருக்கிறது?’ என்பதே அது. நம் முன்னோர் உண்மையாகச் சொன்ன பதிலே அவர்களுக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்ட காலம் ஒன்று உண்டு. 1941 முதல் 1969 வரையான அந்தக் காலத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

அதற்கு முன் தாள் எதுவும் பெரிதாகத் தேவைப்படவில்லை. பர்மா 1937 ஏப்ரல் 1 வரை இந்தியாவின் ஒரு மாகாணம். திண்டுக்கல்லிலிருந்து ரங்கூன் போவதும் கல்கத்தா போவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். மலாயாவில் 1933இல் வந்த அந்நியர் சட்டம் முதன்மையாகச் சீனர்களின் வருகையைக் கட்டுப்படுத்தியது. இந்தியர் பிரிட்டிஷ் குடிகள் என்பதால் அதற்கு வெளியே இருந்தார்கள். அடிமை நாட்டவராக இருந்ததால் கிடைத்த சலுகை அது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் தொடங்கியது. சிங்கப்பூரில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இல் எழுந்தது. ரங்கூனிலும் சோழியா முஸ்லிம்களின் பள்ளிவாசல் உண்டு. தொழுமிடத்தைக் கல்லில் கட்டும் அளவுக்கு ஊன்றிய மக்கள், தாங்கள் அங்கே ‘தங்கியிருப்பவர்களா’, ‘குடியிருப்பவர்களா’ என்ற வேறுபாட்டை யோசித்துப் பார்க்க நேரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

முதலில் கேட்டது பர்மா. ரங்கூன் மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்களாக இருந்த நிலையில், 1930களின் பொருளாதார மந்தம் பர்மிய உழவரின் நிலத்தையும் கூலியையும் பறித்தபோது, வெறுப்பு திரள வெகுநாள் ஆகவில்லை. 1938 ஜூலையில் வெடித்த கலவரத்தில் முஸ்லிம்கள் தனித்துக் குறிவைக்கப்பட்டார்கள். புத்தகம் ஒன்றைக் காரணம் காட்டித் தொடங்கிய அந்தக் கலவரத்தின் உள்ளே இன்னொரு புண் இருந்தது: திருமணம். இந்திய முஸ்லிம் ஆண்கள் பர்மியப் பெண்களை மணந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ‘ஜெர்பாதி’ எனப்பட்டனர். மணந்தவர்களில் சிலருக்கு இங்கே ஊரிலும் மனைவி இருந்தார். அந்தப் பெண்களின் உரிமை என்ன, கணவன் கப்பலேறிப் போய்விட்டால் அவர்கள் கதி என்ன என்று பர்மியர் கேட்டதில் நியாயமே இல்லை என்று நம்மால் சொல்ல முடியாது. நியாயமான கேள்வியை வெறுப்பு அரசியல் கையிலெடுத்தது என்பதுதான் நடந்தது.

கலவரத்துக்குப் பின் ஜேம்ஸ் பாக்ஸ்டர் என்ற அதிகாரி இந்தியர் வருகையைப் பற்றி ஆராய நியமிக்கப்பட்டார். அதன் தொடர்ச்சியாக 1941 ஜூன் 28 அன்று இந்தியா சார்பில் கிரிஜா சங்கர் பாஜ்பாயும் பர்மா சார்பில் ஊ சாவும் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். நம் மக்களைப் பொறுத்தவரை விசா என்பதன் வரலாறு ஏறத்தாழ இங்கே தொடங்குகிறது. ‘ஏ’ அனுமதி, ‘பி’ அனுமதி என இருவகை. முதலாவது காலவரையின்றித் தங்க, இரண்டாவது குறித்த காலத்துக்கு மட்டும். பர்மாவில் நிலையான ஈடுபாடு உள்ளவர் யார், வந்து போகிறவர் யார் என்று பிரித்துப் பார்ப்பதே அதன் அடிப்படை. அது மட்டுமன்று, வருகிற ஆண் பர்மியப் பெண்ணை மணந்தால் அது அனுமதி நிபந்தனையை மீறியதாகும் என விதிக்கவும் அந்த உடன்பாடு இடமளித்தது. குடும்பத்தை ஊரில் வைத்திருந்தால் நிலையற்றவன், அங்கே அமைத்துக்கொண்டால் நிபந்தனையை மீறியவன்! காந்தியடிகள் இவ்வுடன்பாட்டைக் கடுமையாகக் கண்டித்தார்.

உடன்பாடு நிலைபெறும் முன்பே ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942இல் நான்கைந்து லட்சம் இந்தியர் மணிப்பூர், அரக்கான் வழிகளில் காட்டையும் மலையையும் கடந்து வெளியேறினார்கள். வழியில் இறந்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. போர் முடிந்து திரும்பிச் செல்ல விரும்பியவர்களின் முன் பர்மாவின் 1947ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் நின்றது. ஏற்கெனவே அங்கிருந்தவர்களோ அந்நியர் பதிவுச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். நே வின் 1962இல் ஆட்சியைப் பிடித்த பிறகு கடைகள் அரசுடைமை ஆயின. 1964 மே 17 அன்று 50, 100 கியாட் தாள்கள் செல்லாமல் போயின. ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வெறுங்கையோடு தாயகம் திரும்பினர். சென்னைக் கடற்கரைச் சாலையின் பர்மா பஜார் அவர்களுக்காக எழுந்ததுதான். இன்று அங்கே பேரம் பேசி மின்சாதனங்கள் வாங்குகிற நம்மில் எத்தனை பேர் அதை நினைக்கிறோம்?

இலங்கை அந்தக் கேள்வியைச் சட்டத்தின் வாசகமாகவே எழுதிவைத்தது. விடுதலை பெற்ற கையோடு 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியதை அனைவரும் அறிவர். அதன் தொடர்ச்சியாக 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் குடியுரிமைச் சட்டம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மணமானவர் ஏழு ஆண்டுகள், மணமாகாதவர் பத்து ஆண்டுகள் இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும் என்றது அது. அத்தோடு நிற்கவில்லை. விண்ணப்பிப்பவரின் மனைவியும் வயது வராத பிள்ளைகளும்கூட அங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்க இறுதி நாள் 1951 ஆகஸ்ட் 5.

புறக்கோட்டையில் துணிக்கடையும் மளிகைக்கடையும் வைத்திருந்த தமிழக முஸ்லிம்களுக்கு, ‘சம்மாங்காரர்’ என்று அங்கே அழைக்கப்பட்டவர்களுக்கு, இந்த நிபந்தனை என்ன பொருள் தந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முப்பது ஆண்டுகள் அங்கே வணிகம் செய்திருக்கலாம். மனைவி இந்தியாவில் இருந்தால் கதவு மூடியது. தோட்டத் தொழிலாளி குடும்பத்தோடு லயத்தில் வாழ்ந்தவர். அவரையும் ஆவணம் இல்லை, இடையில் ஊருக்குப் போய்வந்தார் என்று தள்ளினார்கள். சுமார் எட்டேகால் லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேரே. வணிகர்களுக்கும் கடைச் சிப்பந்திகளுக்கும் தற்காலிக வதிவிட அனுமதி என்றொரு தாள் கிடைத்தது. அது காலாவதியாகும்போது புதுப்பிப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம். அனுமதி இல்லாமல் கடல் கடந்தவர்களைக் குறிக்கத் தோன்றிய ‘கள்ளத்தோணி’ என்ற சொல், பின்னர் அங்கேயே பிறந்த இந்திய வம்சாவளியினர் மீதும் வசையாக வீசப்பட்டது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அதே ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியும் அழிந்தது. ரயிலும் கப்பலும் சந்தித்த இடமே வரைபடத்திலிருந்து போயிற்று.

இனி மலாயாவும் சிங்கப்பூரும். இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனெனில் நம்மவர்க்குள்ளேயே இருவிதமான பதில்கள் இருந்தன, இருவித விளைவுகளும் உண்டாயின.

1953 ஆகஸ்ட் 1 அன்று புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் குடி என்ற பழைய சலுகை அன்றோடு முடிந்தது. கல்வித் தகுதியோ, நல்ல ஊதியத்துக்கு உறுதியான வேலையோ உள்ளவர்களும், ஏற்கெனவே அங்கே வாழ்பவர்களின் குடும்பத்தினருமே இனி நுழையலாம். கடைப்பையனாகப் போய் முதலாளியாகத் திரும்பும் பழைய வழி அடைபட்டது. குடும்பத்துக்கு மட்டும் ஒரு வாசல் திறந்திருந்தது. பெரும்பாலோர் அதைப் பயன்படுத்தவில்லை. வாடகை மிகுதி, பள்ளிக்கூடச் செலவு, ஊரில் வயதான பெற்றோர், வயல்; எல்லாவற்றுக்கும் மேலாக, பெண்கள் கப்பலேறுவது மரியாதைக் குறைவு என்ற எண்ணம். மனைவி ஊரில் இருந்தால்தான் மானம் என்று கருதினோம்.

1959இல் அந்த வாசலும் குறுகியது. சிங்கப்பூரில் வந்த திருத்தம், 1954 டிசம்பருக்குப் பின் தொடர்ந்து ஐந்தாண்டுகள் கணவரைப் பிரிந்து வாழ்ந்த மனைவிக்கு அனுமதி இல்லை என்றது. ஆறு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கும் இல்லை. சட்டத்தின் தர்க்கம் எளிது: ஐந்தாண்டு சேராமல் வாழ முடிந்தவர்கள் இனியும் அப்படியே வாழலாம். ஒரு பண்பாடாக நாம் போற்றியதை அரசாங்கம் விருப்பமின்மை என்று வாசித்தது. கப்பற் கட்டணத்துக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தவரின் ஐந்தாண்டுகளும், அக்கறையின்றி விட்டவரின் ஐந்தாண்டுகளும் அந்தப் படிவத்தில் ஒன்றாகவே எழுதப்பட்டன.

கடையநல்லூர், தென்காசி மக்களின் கதை வேறு. அவர்களும் நம்மைப் போல உள்நாட்டவர். கைத்தறி நலிந்தபோது சிங்கப்பூர் போனவர்கள். ஆனால் மற்ற தமிழ் முஸ்லிம்களைப் போலன்றி, அவர்களில் பலர் மனைவி மக்களையும் அழைத்துச் சென்றார்கள். தஞ்சோங் பகார் பகுதியில் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தார்கள். பெண்களும் உழைத்தார்கள். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவாயிற்று. போர் முடிந்ததும் 1946இல் அந்தச் சங்கம் உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. பின்னாளில் சிங்கப்பூரின் ஒரே தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியாக அது வளர்ந்து 1982 வரை நடந்தது. பணம் அனுப்புவதோடு நின்ற சங்கம் பள்ளிக்கூடம் கட்டாது. பிள்ளைகள் அங்கே இருந்ததால் கட்டினார்கள். 1953உம் 1959உம் வந்தபோது, ‘குடும்பம் எங்கே?’ என்ற கேள்விக்கு அவர்கள் தெருவைச் சுட்டிக்காட்ட முடிந்தது.

இவ்விடத்தில் மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்பது பொருத்தம். அந்நிய நாட்டில் காலவரையறை வைத்து வேலை செய்தவர் என்றால் நபி மூஸா (அலை) அவர்களே முதலில் நினைவுக்கு வருகிறார்கள். எகிப்திலிருந்து தப்பி மத்யன் சென்றவர்களுக்கு அங்கிருந்த பெரியவர் எட்டு ஆண்டு வேலையும், விரும்பினால் பத்தாக நிறைவு செய்யும் உரிமையும் தந்ததை ‘அல்கஸஸ்’ அத்தியாயம் விவரிக்கிறது. அந்த ஒப்பந்தம் திருமணத்தோடு சேர்ந்தே தொடங்கியது. தவணை முடிந்தபோது மூஸா (அலை) புறப்பட்டதும் குடும்பத்தை அழைத்துக்கொண்டுதான். உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு, கணவன் போர்முனையில் இருக்கும் பெண்ணொருத்தி தனிமையில் புலம்பக் கேட்டு, ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் வினவி, படைவீரர்கள் மனைவியரைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு எல்லை விதித்ததாக அறிவிக்கப்படுகிறது. நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. ஐந்தாண்டு என்று எந்த அறிவிப்பிலும் இல்லை. சபராளிகளின் வீடுகளில் மானம் என்று பெயர் பெற்ற வழக்கத்துக்கு மார்க்கத்தில் வேர் இருந்ததா என்று நம் பெரியவர்கள் அன்று கேட்டிருக்கலாம். ஊரில் பள்ளிவாசல் கட்ட அவர்களிடம் வசூலித்தோம். அந்த வீட்டுப் பெண்ணிடம் யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

மலேசியாவில் இறுதி அடி 1969இல் விழுந்தது. முந்தைய ஆண்டில் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், மே 13 கலவரத்துக்குப் பின் இறுக்கமாக நடைமுறைப்படுத்தப்பட்டது. குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டும். நீல அடையாள அட்டை குடிமகனுக்கு, சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கு. வாய்ப்பு இருந்த காலத்தில் ‘ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம்’ என்று விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் பல்லாயிரவர் தாயகம் திரும்ப நேர்ந்தது. நிறம் பற்றி ஒரு சிறு செய்தி: அமெரிக்காவின் கிரீன் கார்டும் எப்போதும் பச்சையாக இருந்ததில்லை. தொடக்கத்தில் பச்சை, பிறகு பல நிறங்கள், 2010 முதல் மீண்டும் பச்சை. பெயர் மட்டும் மாறவில்லை.

அடுத்த தலைமுறைக்கு வளைகுடா வந்தது. கஃபீலின் பெயரில் இகாமா, வேலை முடிந்தால் திரும்பு என்ற ஏற்பாடு. அங்கே குடும்பம் எங்கே என்ற கேள்விக்கு விடை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. குறித்த ஊதியத்துக்கு மேல் உள்ளவருக்கே குடும்ப விசா. நாற்பது ஆண்டுகள் உழைத்தாலும் குடியுரிமை இல்லை. 2017 ஜூலையில் சவூதி அரசு உடன் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்து, ஆண்டுக்கு நூறாக உயர்த்தி 2020இல் 400 ஆக்கியது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்றால் மாதம் 1,600 ரியால். கணக்குப் போட்டுப் பார்த்துக் குடும்பத்தை ஊருக்கு அனுப்பியவர்கள் ஏராளம். அறுபது ஆண்டுகளுக்கு முன் பழக்கத்தால் நடந்தது இப்போது கட்டணத்தால் நடந்தது.

அமெரிக்காவோ நிரந்தரம் தருவதாகச் சொல்லும் நாடு. அதன் கதவும் நமக்கு நெடுங்காலம் மூடியே இருந்தது. 1917இல் ஆசியாவின் பெரும்பகுதிக்குத் தடை. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர் வெள்ளையர் அல்லர், குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று தீர்ப்பு. 1946இல் ஆண்டுக்கு 100 இந்தியர் வரலாம் என்ற சலுகை. அந்தத் தடைக் காலத்திலும் கப்பலிலிருந்து இறங்கி நியூயார்க் ஹார்லெமில் தங்கிவிட்ட வங்காள முஸ்லிம் மாலுமிகள் உண்டு. அவர்கள் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ குடும்பங்களில் மணந்து அந்தத் தெருக்களின் மக்களாகவே ஆனார்கள். 1965 அக்டோபர் 3 அன்று கையொப்பமான சட்டம்தான் நாடுவாரியான பழைய பாகுபாட்டை நீக்கி, குடும்ப உறவை நுழைவின் முதன்மை அடிப்படை ஆக்கியது.

ஆனால் எல்லா நாடுகளுக்கும் சமம் என்று வைத்த உச்சவரம்பே இன்று இந்தியருக்குச் சுவராகிவிட்டது. வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள். எந்த ஒரு நாட்டவருக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. இந்த எண்ணிக்கையில் மனைவியும் பிள்ளைகளும் சேர்த்தே எண்ணப்படுகிறார்கள். நால்வர் கொண்ட குடும்பம் ஒரே பொறியாளரின் பெயரில் நான்கு இடங்களை எடுக்கிறது. ஆகவே வரிசை பத்தாண்டுகளாக நீள்கிறது. 2013இல் செனட் சபை 68க்கு 32 என்ற வாக்கில் நிறைவேற்றிய சீர்திருத்த மசோதா குடும்பத்தினரை இந்தக் கணக்கிலிருந்து நீக்கியிருக்கும். பிரதிநிதிகள் சபை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. 2019இல் நாட்டு வரம்பை நீக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என்று வென்றது. அடுத்த ஆண்டு செனட் வேறு வடிவில் நிறைவேற்றியது. இரண்டும் இணையாமலே காலம் முடிந்தது. இந்தியர் இதை அநீதி என்றார்கள். இருக்கிற எண்ணிக்கையைக் கூட்டாமல் வரம்பை மட்டும் நீக்கினால் பல ஆண்டுகளுக்கு இந்தியரே எல்லா இடத்தையும் எடுத்துக்கொள்வர், எங்கள் முறை எப்போது என்று ஈரானியர் உள்ளிட்டோர் கேட்டார்கள். 2017 ஜனவரியில் வந்த பயணத் தடையால் ஏற்கெனவே குடும்பம் பிரிந்து கிடந்தவர்கள் அவர்கள். நம் வரிசை நகர்வதற்கு இன்னொரு முஸ்லிம் வீட்டின் வரிசை நிற்கும் என்றால், அதையும் பார்த்தே நாம் பேச வேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் பிள்ளைகள் வளர்கிறார்கள். இரண்டு வயதில் போன குழந்தை அங்கேயே பள்ளி முடித்து, அங்கத்திய மொழியில் சிந்தித்து, 21 வயதை எட்டும்போது சட்டப்படி குழந்தை என்ற நிலையை இழக்கிறது. 2002இல் வந்த குழந்தைநிலைப் பாதுகாப்புச் சட்டம் மனு பரிசீலனையில் கிடந்த நாட்களை மட்டும் வயதிலிருந்து கழித்துக்கொடுக்கிறது. வரிசையில் நின்ற ஆண்டுகளைக் கழிப்பதில்லை. அனுமதி இன்றி எல்லை கடந்து வந்த சிறார்களுக்கு 2012இல் தரப்பட்ட தற்காலிகப் பாதுகாப்பும் இவர்களுக்கு இல்லை, சட்டப்படி வந்தவர்கள் என்பதால். சிங்கப்பூரில் 1959இல் ஆறு வயது. இங்கே 21. அந்தப் பிறந்தநாளுக்குப் பின் பிள்ளை, தான் வளர்ந்த நாட்டிலேயே வெளிநாட்டு மாணவராக விசா வாங்கிக் கூடுதல் கட்டணம் கட்டிப் படிக்கிறது, அல்லது விடுமுறைக்கு மட்டும் பார்த்த ஊருக்குத் தனியே விமானம் ஏறுகிறது. தகப்பனும் தாயும் வரிசையில் நிற்கிறார்கள்.